மூன்று பகல், மூன்று வளாகம்

கோயில் பார்க்கப் போகிறோம் என்றால் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. அணைக்கட்டுப் பார்க்க, கடலில் கால் நனைக்கப் போகிறோம் என்றாலும் அப்படியே. கல்லூரிகளைப் பார்க்கப் போகிறோம் என்று 2022ஆம் ஆண்டு எங்கள் தமிழ்த்துறை விண்ணப்பம் எழுதியபோது, அதை வாங்கிக்கொண்ட அலுவலக நண்பர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கல்லூரியிலேயே இருந்துகொண்டு கல்லூரி பார்க்கப் போகிறீர்களா?" என்றார். நியாயமான கேள்விதான்.

அதற்கான விடை எங்கள் மூன்றாமாண்டு மாணவர்களிடம் இருந்தது. 2020இல் இளங்கலைத் தமிழில் சேர்ந்தவர்கள் அவர்கள். பெருந்தொற்றுக் காலம். முதலாண்டின் பெரும்பகுதியைக் கைப்பேசித் திரையிலேயே கழித்தார்கள். சிக்னல் கிடைக்கும் இடம் தேடி ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டில் அமர்ந்து தொல்காப்பியம் கேட்ட மாணவர் ஒருவர் உண்டு. கரிசல் காட்டுப் பிள்ளைகள். பெரும்பாலோர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கல்லூரி என்பது வருகைப் பதிவும் தேர்வுக் கட்டணமும் மட்டுமன்று என்பதைச் சொற்களால் விளக்கிப் பார்த்தோம். முடியவில்லை. எனவே அழைத்துச் சென்று காட்டுவது என்று முடிவாயிற்று.

கிடைத்த அனுமதி மூன்று நாட்கள்: வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு விடியுமுன் ஊர் திரும்பிவிட வேண்டும். மாணவர் பதினேழு பேர், ஆசிரியர் இருவர், ஒரு வேன்.

நாங்கள் முதலில் தீட்டிய திட்டத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒன்பது வளாகங்கள். திருச்சியில் தூய வளனார் கல்லூரி, தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம், கும்பகோணத்தில் அரசுக் கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னையில் மட்டும் மாநிலக் கல்லூரி, இராணி மேரி கல்லூரி, கிண்டிப் பொறியியற் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி என ஐந்து. மூன்று பகலுக்கு முப்பத்தாறு மணி நேரம். அதில் சாலைக்கும் சோற்றுக்கும் போனது போக மிஞ்சியதை ஒன்பதால் வகுத்தபோது, ஒரு வளாகத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூடத் தேறவில்லை. அதிலும் வாயிற்காவலரிடம் நம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள அரை மணி நேரம் கழியும். எஞ்சுவது குழுப் புகைப்படம் எடுக்க மட்டுமே போதும்.

நீக்கத் தொடங்கியபோதுதான் ஒரு வரலாற்றுச் சிக்கல் தலைகாட்டியது. கிறித்தவக் கல்லூரியை நாங்கள் சேர்த்திருந்ததற்குக் காரணம் பரிதிமாற் கலைஞர். அக்கல்லூரியின் தமிழாசிரியர், பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து தமிழை அகற்றும் முயற்சி எழுந்தபோது அதை எதிர்த்து நின்றவர். அவர் பாடம் சொன்ன இடத்தை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆவல். ஆனால் அவர் மறைந்தது 1903இல். கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குப் பெயர்ந்ததோ 1937இல். தாம்பரத்துக் காட்டழகு காணத் தக்கதுதான். ஆயினும் அந்த மரநிழலில் பரிதிமாற் கலைஞர் ஒரு நாளும் நடந்ததில்லை. பச்சையப்பன் கல்லூரியின் கதையும் இத்தகையதே. 1842இல் பள்ளியாகத் தொடங்கி, 1850இல் எஸ்பிளனேடு பகுதியில் கிரேக்கக் கோயிலை ஒத்த தூண்களோடு எழுந்த மண்டபத்தில் வளர்ந்து, 1940இல் சேத்துப்பட்டுக்குச் சென்றது. மு. வரதராசனாரைத் தேடுவோர் சேத்துப்பட்டுக்குப் போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தேடுவோர் பழைய மண்டபத்துக்குத்தான் போக வேண்டும். தூய வளனார் கல்லூரியும் 1844இல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883இல் திருச்சிக்கு வந்து சேர்ந்ததே. கோயில்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கல்லூரிகள் அப்படியல்ல, பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகின்றன. பயணத் திட்டம் வகுப்போர் இதை முதலில் சரிபார்த்துக்கொள்வது நலம். நாங்கள் கடைசியில்தான் சரிபார்த்தோம்.

எனவே வளாகங்களைப் பட்டியலிடுவதை விட்டுவிட்டு ஒரு மனிதரைத் தேர்ந்தோம். டாக்டர் உ.வே. சாமிநாதையர் பணியாற்றிய கல்லூரிகள் மூன்று. 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசுக் கல்லூரி. 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரி. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரி. முதல் இரண்டும் அவர் கண்ட இடத்திலேயே இன்றும் நிற்கின்றன. மூன்றாவது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கலந்துவிட்டது. மூன்று பகலுக்கு மூன்று வளாகம். கணக்குச் சரியாயிற்று.

அடுத்த சிக்கல் வரிசை. சாலை வரைபடத்தின்படி கும்பகோணம், சிதம்பரம், சென்னை என்று போவதே சிக்கனம். "அப்படிப் போனால் ஐயருக்கு முதலில் 1880, பிறகு 1924, அதற்குப் பிறகு 1903 ஆகிவிடுமே ஐயா, கிழவராகிவிட்டு மறுபடி இளைஞர் ஆவாரா?" என்று ஒரு மாணவி கேட்டார். சிரித்துவிட்டு வரைபடத்தை மறுபடி விரித்தோம். சென்னைக்கு முதலில் சென்றுவிட்டு, ஊர் திரும்பும் வழியில் சிதம்பரத்தைப் பார்த்தால் என்ன? தொலைவு சற்றே கூடுகிறது. ஆனால் வியாழன் இரவே சென்னை போய்விட்டால், மாநிலக் கல்லூரியை வேலைநாளான வெள்ளியன்று வகுப்புகள் நடக்கும்போதே பார்க்கலாம். ஓடாத ஆலையைப் பார்ப்பதும் வகுப்பில்லாத கல்லூரியைப் பார்ப்பதும் ஒன்று. கால வரிசையே கால அட்டவணைக்கும் உகந்ததாக அமைந்தது எங்கள் நற்பேறு. அந்த மாணவியின் கேலியில்லையேல் நாங்கள் வரைபடத்தின் பேச்சையே கேட்டிருப்போம்.

கடிதங்களைப் பற்றி ஒரு சொல். சில ஆண்டுகளுக்கு முன், பெயர் இங்கே வேண்டாத ஒரு கல்லூரியின் வாயிலில் நாற்பது மாணவர்களோடு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறோம். பருவத் தேர்வு நடக்கும் நாள் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வருவது அவர்களுக்குத் தெரியாது. அந்த அனுபவத்துக்குப் பின், முதல்வருக்கு ஒன்று, தமிழ்த்துறைத் தலைவருக்கு ஒன்று என இரண்டு கடிதங்களை மூன்று வாரம் முன்னதாகவே அனுப்பி, மாணவர் பெயர்ப் பட்டியலையும் இணைத்துவிடுகிறோம். "கட்டடம் பார்க்க வருகிறோம்" என்று எழுதினால் பதில் தாமதமாகிறது. "ஒரு பாடவேளை உங்கள் மாணவர்களோடு எங்கள் மாணவர்கள் அமர அனுமதி வேண்டும்" என்று எழுதினால் உடனே பதில் வருகிறது. ஏன் என்று ஆராயவில்லை. ஆசிரியர் மனம் எங்கும் ஒன்றுதான் போலும்.

புதன் இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, வியாழன் விடியலில் கும்பகோணம் சேர்ந்தோம். இளங்கலைப் பட்டம் பெற இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கையிலேயே மாணவர்கள் அனைவரும் ஆளுக்கொரு டிகிரி காப்பி குடித்துப் பட்டதாரிகள் ஆயினர். பிறகு காவிரிக் கரைக்குச் சென்றோம். செப்டம்பர் ஆதலால் ஆற்றில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. வானம் பார்த்த பூமியிலிருந்து வந்த பிள்ளைகள் கல்லூரியை மறந்து ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டத்தில் இல்லாத அரை மணி நேரம் அங்கே கழிந்தது. அதை நாங்கள் வீண் என்று கருதவில்லை. ஆற்றங்கரையில் ஒரு கல்லூரி இருப்பது என்றால் என்ன என்பது அந்த அரை மணியில்தான் விளங்கியது.

1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கி 1867இல் கல்லூரியாக உயர்ந்த நிறுவனம் இது. போர்ட்டர் என்ற ஆங்கிலேய முதல்வரும் கோபாலராவ் என்ற இந்தியப் பேராசிரியரும் அதன் பெயரை நாடறியச் செய்தவர்கள். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று இக்கல்லூரியைப் புகழ்வது வழக்கம். அந்தப் புகழ்மொழியில் எங்களுக்கு அத்தனை விருப்பமில்லை. காவிரிக்கு இன்னோர் ஆற்றின் பெயரைச் சொல்லி மதிப்புக் கூட்ட வேண்டுமா என்ன?

கணித மேதை இராமானுஜன் 1904இல் இங்கே சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் உதவித்தொகையை இழந்து வெளியேறிய கதையை மாணவர்கள் அறிந்தே இருந்தனர். ஓராண்டுக்கு முன்தான் ஐயர் சென்னைக்குச் சென்றிருந்தார். இருவரும் ஒரே தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டிருக்க வேண்டியவர்கள்; ஓராண்டு இடைவெளியில் தவறிவிட்டது. இராமானுஜனைத் தனியே தேடிப்போகும் பயணத்துக்கு இந்த ஊரிலேயே ஒரு முழு நாள் வேண்டும். அன்று எங்களிடம் அது இல்லை.

தமிழ்த்துறையினர் அன்போடு வரவேற்று, முதல் பாடவேளையில் எங்கள் பிள்ளைகளைத் தம் மாணவர்களோடு அமர வைத்தனர். அது முடிந்தபின் அதே அறையில் 1880ஆம் ஆண்டின் கதையைச் சொன்னோம்.

அக்கல்லூரியின் தமிழாசிரியராக அப்போது இருந்தவர் தியாகராச செட்டியார். திருச்சி மாவட்டத்துப் பூவாளூர்க்காரர், 1826இல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஆங்கிலப் பேராசிரியர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் ஊதியத்திலும் மதிப்பிலும் பெரும் இடைவெளி இருந்த காலம் அது. அந்த நிலையிலும் தலைநிமிர்ந்து நின்று தம் புலமையால் மதிப்புப் பெற்றவர் செட்டியார். உடல்நலம் குன்றிப் பணியை விட வேண்டிவந்தபோது, தம் ஆசிரியரிடமே பிற்காலத்தில் பயின்ற இளைஞரான சாமிநாதையரைத் தம் இடத்துக்குக் கொண்டுவர விரும்பினார். ஐயர் அப்போது திருவாவடுதுறை ஆதீனத்தில் இருந்தார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கு அவரை அனுப்ப மனமில்லை. செட்டியார் நேரில் சென்று வற்புறுத்தி இசைவு பெற்றார். கல்லூரித் தலைமையிடம் தாமே அழைத்துச் சென்று பரிந்துரைத்தார். செய்யுள் இயற்றச் சொல்லிப் புதியவரைச் சோதித்தார்கள். ஐயர் தேறினார். 1880 பிப்ரவரியில், இருபத்தைந்து வயது நிரம்பும் தறுவாயில், அவர் அக்கல்லூரியில் பாடம் சொல்லத் தொடங்கினார்.

இவ்வளவையும் சொல்லி நிறுத்தியபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார்: "செட்டியார் தாமாகவே அந்த இடத்தை விட்டுக்கொடுத்தாரா ஐயா?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் உடனே விடை சொல்லவில்லை. எங்களோடு வந்திருந்த ஆசிரியை பதினோராவது ஆண்டாகக் கௌரவ விரிவுரையாளர். தொகுப்பூதியம், கோடை விடுமுறை மாதத்தில் அதுவும் கேள்விக்குறி. எங்கள் துறையில் ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. மாணவர்களுக்கு இது தெரியாததன்று. அவர்தான் விடை சொன்னார்: "ஆமாம் தம்பி. அவருக்கு விட்டுக்கொடுக்க ஓர் இடம் இருந்தது."

பிறகு அவரே கதையைத் தொடர்ந்தார். ஐயர் பணியேற்ற எட்டாம் மாதம், 1880 அக்டோபர் 21ஆம் நாள். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் தலபுராணங்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைக் கண்ணால் கண்டதுமில்லை. அந்தக் கேள்வியின் விளைவு ஏழாண்டு உழைப்பு. 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல். அத்தனையும் கும்பகோணத்தில் வேலை பார்த்துக்கொண்டே செய்தவை.

அந்த 1880 அக்டோபர் 21ஆம் நாளும் ஒரு வியாழக்கிழமை. நாங்கள் அங்கே அமர்ந்திருந்ததும் வியாழக்கிழமை. தற்செயல்தான். ஆயினும் மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதைக் கண்டு நாங்கள் தடுக்கவில்லை.

கல்லூரி என்ற சொல்லைப் பற்றியும் அங்கே ஒரு செய்தி சொன்னோம். ஐயர் தம் தன்வரலாற்றில் 'காலேஜ்' என்றே எழுதுகிறார். இன்று நாம் வழங்கும் கல்லூரி என்ற சொல், கல்வி பயிலும் இடம் என்ற பொருளில், சீவக சிந்தாமணியிலேயே இருக்கிறது. காலேஜில் வேலை பார்த்த ஒருவர், அந்த வேலைக்கு வந்த ஊரில் கேட்ட ஒரு கேள்வியால், காலேஜுக்கான தமிழ்ச் சொல் புதைந்திருந்த நூலைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார். எங்கள் கல்லூரி நுழைவாயில் வளைவில் அச்சொல் இரண்டடி உயர எழுத்தில் இருக்கிறது. மூன்றாண்டாக அதன் கீழே நடந்தவர்கள் அன்றுதான் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள்.

பிற்பகல் திருவாவடுதுறை. சென்னை செல்லும் திசையிலேயே இருப்பதால் பெரிய சுற்றில்லை. மடத்தில் நின்று, நாற்காலியும் மணியும் வருகைப் பதிவும் இல்லாமல், ஆசிரியர் இருக்கும் இடமே கல்விச்சாலையாக இருந்த காலத்தைப் பற்றிச் சற்றுப் பேசினோம். அங்கிருந்து கும்பகோணம் கல்லூரிக்கு ஐயர் கடந்தது சில காதத் தொலைவே. ஆனால் இரண்டு உலகங்களுக்கு இடைப்பட்ட தொலைவும் அதுவே. மடத்தில் நேரம் ஆசிரியருக்குக் கட்டுப்பட்டது. கல்லூரியில் ஆசிரியர் நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்.

இரவு நெடுஞ்சாலையில் வேனின் விளக்குகளை அணைத்தபின் எங்கள் பேச்சு அதைச் சுற்றியே சென்றது. மணிக்குக் கட்டுப்பட்ட அந்த மனிதர் சுவடி தேடி எப்படி ஊர் ஊராக அலைந்தார்? விடுமுறைகளில்தான். மற்றவர்கள் ஓய்வெடுத்த நாட்களே அவருடைய பயண அட்டவணை. நூல்கள் சென்னையில் அச்சாகும்போது திருத்தம் பார்க்கவும் அவர் விடுமுறைகளில் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வந்தார். நாங்கள் ஒரு வேனில் ஓரிரவில் கடந்த அதே வழி. திரும்பும் நாள் தலைக்குமேல் நின்றுகொண்டிருக்க, ஒவ்வோர் ஊரிலும் எத்தனை நாள் தங்கலாம், எதை விடலாம் என்று அவரும் கணக்குப் போட்டிருப்பார்தானே.

பத்துப்பாட்டுக்குச் சுவடி தேடி அவர் திருநெல்வேலிப் பகுதிக்குச் சென்ற பயணத்தைச் சொன்னோம். கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியரின் ஏட்டுச் சுவடிகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். குவிந்து கிடந்த பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். எங்கள் மாணவர்களுள் ஒருவர் கரிவலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். இருட்டில் அவர் குரல் கேட்டது: "எங்க ஊர்ப்பக்கமா ஐயா?" ஆமாம் என்றோம். அதன்பின் நெடுநேரம் அவர் பேசவில்லை. ஆழ்வார்திருநகரியில் தேடிய சுவடி கிடைத்து, நிலவொளியில் ஏட்டைப் பிரித்தபோது முல்லைப்பாட்டு கண்ணில் பட்ட மகிழ்ச்சியான பகுதியையும் சொன்னோம். ஆனால் அந்த மாணவரின் காதில் அது விழுந்ததா என்பது ஐயமே.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு மாநிலக் கல்லூரி. 1840இல் எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் பள்ளியாகத் தொடங்கியது. 1855இல் மாநிலக் கல்லூரி ஆயிற்று. கடலைப் பார்த்து நிற்கும் செங்கற் கட்டடம் இராபர்ட் சிஷோம் வரைந்தது; 1870இல் திறக்கப்பட்டது. அதன் வடக்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், 1879இல் நிறைவுற்ற அதே சிஷோமின் கைவண்ணம். தெற்கே சற்று நடந்தால் 1914இல் தொடங்கிய இராணி மேரி கல்லூரி. எங்கள் பட்டியலிலிருந்து நீக்கிய ஒன்று இப்படி நடைவழியிலேயே தானாக வந்து சேர்ந்தது. மெரினாச் சாலையிலேயே மூன்று வளாகங்கள் இருப்பதை முதலிலேயே வரைபடத்தில் கவனித்திருக்கலாம். சென்னைக்காரர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

கட்டடத்தின் எதிரே கடலை நோக்கி ஐயரின் சிலை. 1948இல் நிறுவப்பட்டது. மாணவர்கள் அதன்முன் கூடியபோது நாங்கள் சொன்னது, இந்த மனிதர் பல்கலைக்கழகத் தேர்வு எதையும் எழுதியவரல்லர் என்பதை. 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் அரசு தந்தது. பாரதியார் அதைப் பாராட்டிக் கவிதை பாடினார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. பக்கத்துக் கட்டடத்தில் பதினாறு ஆண்டுகள் பாடம் சொன்னவரைப் பல்கலைக்கழகம் அவ்வாறு அழைத்துப் பெருமை செய்தபோது, அவர் ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நூறடி தூரத்தைக் கடக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் சில வேளை அவ்வளவு காலம் ஆகிறது.

கும்பகோணத்தை ஒப்பிட மாநிலக் கல்லூரிக் காலத்தில் சங்கப் பதிப்புகள் குறைவு. பதிற்றுப்பத்து 1904இலும் பரிபாடல் 1918இலும் வந்தன. வேலைச் சுமையா, வயதா, தலைநகரின் சந்தடியா? எங்களுக்குள் நெடுநேரம் வாதம் நடந்தது. பரிபாடல் போன்ற சிதைந்த நூலுக்குப் பத்தாண்டு உழைத்தாலும் தகும் என்பது நம் கருத்து. எண்ணிக்கையைக் கொண்டு பதிப்பாசிரியரை அளப்பது எங்கள் கல்லூரி ஆண்டறிக்கைக்கு வேண்டுமானால் பொருந்தும்.

மாலையில் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவுக்கு நடந்தோம். ஐயர் வாழ்ந்த வீடு அங்கே இருந்தது. தமக்கு வேலை வாங்கித் தந்தவரின் நினைவாக அதற்குத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயரிட்டிருந்தார். தம் பெயரையன்று, குலதெய்வத்தின் பெயரையுமன்று. 2012இல் அவ்வீடு இடிக்கப்பட்டது. தெரு இருக்கிறது; வீடில்லை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்துக்கு ஏன் வந்தோம் என்று மாணவர்கள் கேட்பார்கள் என எதிர்பார்த்தோம். கேட்கவில்லை. "இங்கிருந்து காலேஜுக்கு நடந்தே போயிருப்பாரா?" என்றுதான் கேட்டார்கள். நடந்து பார்த்துவிடுவோம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கடற்கரை நோக்கித் திரும்ப நடந்தோம். கும்பலாகச் சென்றதால் இருபது நிமிடங்கள் ஆயின. தனியே நடந்தால் கால் மணிக்குள் போய்விடலாம்.

சனி காலை ஐந்து மணிக்குச் சென்னையை விட்டு, பதினொன்றுக்குள் சிதம்பரம். இங்கே நேரம் குறைவு; சொல்வதற்கும் குறைவு. 1920இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய மீனாட்சி கல்லூரியும் அதையொட்டி எழுந்த தமிழ்க் கல்லூரியும் வளர்ந்து 1929இல் பல்கலைக்கழகம் ஆயின. ஓய்வுபெற்று ஐந்தாண்டு கழிந்தபின், அறுபத்தொன்பது வயதில், ஐயர் இங்கே தமிழ்க் கல்லூரியின் முதல்வராக வந்தார். வாழ்நாளில் அவர் முதல்வராக இருந்தது இங்கே மட்டும்தான். மூன்றாண்டில் விடைபெற்றுவிட்டார். அச்சுக்குக் காத்திருந்த நூல்கள் அவரை இழுத்திருக்கும் என்று எண்ணுகிறோம்.

பரந்த வளாகம். சாஸ்திரி அரங்கின் முன்னே நின்று, அது சீனிவாச சாஸ்திரியாரின் பெயர் என்றும், அவர் இப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்றும், ஐயர் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில் கும்பகோணம் கல்லூரியில் படித்தவர் என்றும் சொன்னோம். வியாழக்கிழமை பார்த்த தாழ்வாரம் மாணவர்களுக்கு நினைவு வந்தது. மரநிழலில் எலுமிச்சைச் சோறு. இரண்டரை மணிக்கு ஓட்டுநர் அண்ணாச்சி ஹாரன் அடித்தார்.

திரும்பும் வழியில் செலவுக் கணக்கை முடித்து, அடுத்த ஆண்டுக்கான தாளை எடுத்தோம். நீக்கிய கல்லூரிகளின் பெயர்களை எழுதத் தொடங்கியபோது, கௌரவ விரிவுரையாளர் அம்மா முன்னிருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். "பூவாளூரை மறந்துட்டீங்களே ஐயா, செட்டியார் ஊர்" என்றார். அங்கே கல்லூரி எதுவும் இல்லையே என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்த கரிவலத்து மாணவர் தாளை எட்டி வாங்கி, முதல் வரியில் பூவாளூர் என்று எழுதிக் கொடுத்தார். லால்குடி வழியாகப் போனால் ஒரு மணி நேரம் கூடும் என்று அண்ணாச்சி கணக்குச் சொன்னார்.